இளவரசன் ஏன் எப்போதும் கலகம் செய்கிறான்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்காலியில் கிடைத்தது. கண் சோதிக்கிற நாற்காலி. மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பார்களே, அது. அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து ஓட முடியாது. எதிரே இருப்பவர் பேசினால் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டேன். எழுதிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன், இதுவரை நாலு தடவை ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ஆரம்பம்: "கோட்டையைச் சுற்றி எதிரிப் படை முகாமிட்டிருந்தது." (வேண்டாம். சரித்திரக் கதை என்று நம்பி வருகிறவர் சாபம் விடுவார்.)

இரண்டாவது: "நாற்பது வயதில் ஒரு பெண் கணினி விளையாட்டில் மூழ்கி—" (இதில் என்ன அதிசயம் என்று என் மனைவி கேட்டாள். அந்த வரியையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவதை நானே மறக்க முயல்கிறேன். நாலாவது இது: அவள் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறாள்.

2

அப்பா தொடங்கிய கடை. அவர் போன பிறகு அக்காவும் தம்பியும் நடத்தினார்கள். கண் சோதிக்கப் படித்தவர்கள் இருவருமே. ஆனால் உள்ளறையில் நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சோதிப்பது அக்கா. பின்கட்டில் இயந்திரத்தின் முன் நின்று, வில்லையின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது தம்பி. மத்தியானம் கடை சாத்தியிருக்கும்போது இருவரும் ஒரே கணினியில் ஒரு பழைய விளையாட்டை ஆடுவார்கள். மத்தியகால ராஜ்யங்கள், கோட்டைகள், வாரிசுச் சண்டைகள். கையைவிட மூளைக்கு வேலை வைக்கிற ரகம்.

ஆட ஆட அதன் ஓட்டைகள் தெரிந்தன. கோட்டைக்குள் கிணறே கிடையாது. மாதக்கணக்கில் முற்றுகையிட்டாலும் ஒருவனுக்கும் தாகம் எடுக்காது. அடைமழையில் படை புழுதி பறக்க நடக்கும். அறுவடைக் காலத்தில்கூட எந்தச் சிப்பாய்க்கும் வீட்டு நினைப்பு வராது.

"இதுக்கு நாமளே நல்லா செஞ்சிடலாம்டா" என்றாள் அக்கா. வந்தது வினை.

ஒரு விளையாட்டை ரசிகர்களே பிரித்துப்போட்டு, விதி, வரைபடம், ஆட்கள் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டுவதற்கு 'மாட்' என்று பெயர். சம்பளம் கிடையாது. நன்றி எப்போதாவது வரும், திட்டு தாராளமாக வரும். வேறெங்கோ இருக்கிற ஒருவர் வரைபடம் வரைய இணையத்தில் வந்து சேர்ந்தார். மழை பெய்தால் பாலம் உடையட்டும், பாலம் உடைந்தால் உப்பு வராமல் போகட்டும், உப்பு வராவிட்டால் ஊர் முணுமுணுக்கட்டும் என்று திட்டம் நீண்டது. "எறும்புக்கு மட்டும்தான் இன்னும் வரி போடலக்கா" என்றான் தம்பி. அக்கா அதையும் குறித்துக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

[இங்கே அக்காவின் கணவர் வரவேண்டும். நல்ல மனிதர். இரண்டு வரைவுகளில் இருந்தார். தேநீர் போட்டுத் தருவதைத் தவிர அவருக்கு நான் எந்த வேலையும் கொடுக்கவில்லை. சும்மா நிற்கிற ஆளுக்குக் கதையில் எதற்கு இடம்? நீக்கிவிட்டேன்.]

3

இனி தம்பி போக வேண்டும். எப்படிப் போனான் என்பதை எழுதத்தான் கை வரவில்லை.

சண்டை வைத்துப் பார்த்தேன். தட்டு பறந்தது, கதவு அறைந்தது. பொய்யாக இருந்தது. நடந்தது அதைவிடச் சின்னது. ஒரு திங்கட்கிழமை காலை அவன் கடைக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று அக்கா போன் போட்டாள். எடுக்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போட்டிக் கடையின் கண்ணாடிக் கதவுக்குள் நின்று, யாருக்கோ கண் சோதித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவனுக்குச் செல்லப்பெயரே ஓட்டைவாய்*. அந்த வாய் கட்டிக்காத்த ஒரே ரகசியம் இதுதான். அக்காவுக்குத் தாங்கவில்லை. போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள், சொல்லாமல் போனதைப் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. பண்டிகைக்கும் பேச்சில்லை, அம்மாவுக்கு முழங்கால் அறுவை நடந்தபோதும் பேச்சில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். "இவகிட்ட சொல்லு, அவன்கிட்ட சொல்லுன்னு நான் என்ன தபால்காரியா?" என்று அம்மா மயக்கம் தெளியும் முன்பே திட்டினாள்.

மாட் வேலையை மட்டும் அக்கா விடவில்லை. கோபத்தோடு செய்தாள். பாத்திரங்களுக்கு முகம் வரைய ஆள் கிடைக்காததால், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுப் படங்களையே வெட்டி ஒட்டினாள். மன்னருக்கு அப்பாவின் முகம். ராஜமாதாவுக்கு அம்மா. இளவரசனுக்கு, யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த, கண்ணாடியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டு இளிக்கிற தம்பி. குணங்களுக்கு எண் போடும்போது இளவரசனின் விசுவாசத்துக்குச் சைபர் போட்டாள். போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாளாம். அந்தத் தண்ணீர் அவ்வளவு இனித்தது என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு மாற்றவேண்டியதை மாற்ற மறந்து, சோதனைப் பதிப்பை வெளியிட்டும் விட்டாள்.

* ஓட்டைவாய்க்கு ஓர் அடிக்குறிப்பு வைத்திருந்தேன்: சின்ன வயதில் அக்கா கண்ணாடியை உடைத்ததை அப்பாவிடம் சொன்னவன் இவன்தான் என்று. அது நான் கட்டிய கதை. ஆனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

4

ஆடியவர்கள் குறை எழுதினார்கள். மன்னர் சட்டைப்பையில் பேனா இருக்கிறது. அந்தக் காலத்து இளவரசனுக்கு ஏது இந்த மாதிரிக் கண்ணாடி? அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குக் கீழே இன்னொரு குறை இருந்தது.

"இளவரசன் எப்பவும் கலகம் பண்றான். எத்தனை தடவ ஆடினாலும் எதிரி ராஜாகிட்ட போய்ச் சேர்ந்துடறான். இது பிழையா, வேணும்னே வச்சதா?"

எழுதியவர் பெயர்: ஓட்டைவாய்.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் இது. இதற்கு என்ன பதில் போடுகிறாளோ, அதுதான் இனி அவர்களுக்குள் பேச்சு உண்டா இல்லையா என்பதற்கும் பதில்.

(இந்த இடத்தில் அவள் கண்ணில் நீர் துளிர்த்தது என்று எழுதினேன். அப்படி நடந்ததாக அவள் சொல்லவில்லை. அடித்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன் என்றாள், அதை வைத்துக்கொள்கிறேன்.)

"வேணும்னேன்னு போட்டு மூடிடும்மா, ஆயிரம் வேலை கெடக்கு" என்றார் வரைபடக்காரர் போனில். அவருக்கு எதுவும் தெரியாது.

வெட்கமாகிவிட்டது அக்காவுக்கு. அவசர அவசரமாக விசுவாசத்தை நூறாக்கினாள். ஆட்டத்தை வேகமாக ஓடவிட்டாள். ஐந்தாம் ஆண்டில் இளவரசன் எதிரியிடம் போனான். ராஜமாதாவின்மேல் பாசத்தைக் கூட்டினாள். போனான். எதிரி ராஜாவையே கிழவனாக, நோயாளியாக, அரைப் பைத்தியமாக மாற்றினாள். அந்தப் பைத்தியத்திடமும் போனான். வாடிக்கையாளர் வந்து மணியடிப்பது காதில் விழாமல், திரும்பத் திரும்ப அவனைப் பிறக்க வைத்து, வளர்த்து, போகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் விதிகளை வரி வரியாகப் படித்தாள். கையில் ஒரு கோட்டைகூட இல்லாத இளைஞனுக்கு ஆண்டுதோறும் விசுவாசம் தேயும். இது ஒரு விதி. வாரிசாகக் குறிக்கப்பட்டவனுக்கு மன்னர் கோட்டை எதுவும் தரமாட்டார், பின்னால் எல்லாமே அவனுக்குத்தானே, இது இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக நியாயமானவை. இரண்டையும் எழுதியவள் அவளே.

[நீக்கிய கணவரைத் திரும்பக் கூப்பிடவேண்டியதாகிவிட்டது. இதை அவள் யாரிடமாவது சொல்லவேண்டுமே. முறைத்துக்கொண்டேதான் வந்தார்.]

"எண்ணுல ஒண்ணும் தப்பில்லங்க. வாரிசுக்குக் கோட்டை கெடையாதுன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன். எல்லாம் அவனுக்குத்தானே, இப்ப என்ன அவசரம்னு."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "இதையேதானே அவன்கிட்டயும் சொல்லிட்டிருந்த?"

அவள் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"கண் சோதிக்கிறேன்க்கான்னு எத்தன தடவ கேட்டான். எல்லாம் பின்னாடி உனக்குத்தானேடான்னு நீ மெஷின் பக்கம் அனுப்பிடுவ. அவன் கடைய கேக்கல. அந்த ஸ்டூல்ல உக்காரத்தான் கேட்டான்."

இந்த மனிதரையா தேநீர் போடுகிறவர் என்று நினைத்தேன்!

5

அவள் சொன்னது இவ்வளவுதான். என் கண்ணுக்கு எண் கண்டுபிடித்தாகிவிட்டது. எழுதித் தந்தபோது, தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கித்தான் எழுதினாள். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு? கேட்டுவிட்டேன்.

"உங்க கண்ணாடியே மாத்தணும் போலிருக்கே. உங்க கண்ண யாரு பாப்பாங்க?"

தன் கண்ணைத் தானே சோதிக்க யாராலும் முடியாது. அவள் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் பார்த்தாள். "அவன்தான் பாப்பான். கடை சாத்தினதும்" என்று பாதியில் நிறுத்தினாள். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த அரை வாக்கியத்தை எப்படி முடிப்பது?

முடிவு ஒன்று: அவள் தெருவைக் கடக்கவில்லை. விதியைத் திருத்தி, இளவரசனுக்கு ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கொடுத்து, கீழே எழுதினாள்: "பிழைதான். என் பிழை. திருத்திட்டேன், ஆடிப் பாருடா." (அழகாக இருக்கிறது. ஆனால் விளையாட்டில் கோட்டை கொடுப்பது சுலபம். ஸ்டூலைக் கொடுத்தாளா?)

முடிவு இரண்டு: தெருவைக் கடந்தாள். எதிர்க்கடையில் கூட்டமில்லை. தம்பி நிமிர்ந்தான். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அவள் மூக்கின்மேல் சட்டத்தை மாட்டினான். காதுக்குப் பின்னால் முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டான். அவன் இவ்வளவு பதமாகச் செய்வான் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பார்க்க அவள் இடம் கொடுத்ததில்லை.

வில்லையை மாற்றினான். "இது தெளிவா?" மறுபடி மாற்றினான். "இதுவா?"

எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிந்தன. அவள் வாய் திறக்க—

(இல்லை. இதற்குமேல் நான் எழுதினால் என் வீட்டுச் சமாதானத்தை அவர்கள் வாயில் திணிப்பேன். என் தம்பியோடு நான் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் கேட்கவேண்டாம்.)

அவன் அவசரப்படவில்லை. "பரவால்லக்கா, மறுபடி போடறேன். நல்லா பாத்துச் சொல்லு" என்றான். அவன் கையில் இரண்டு வில்லைகளும் இருக்கின்றன. நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் வந்து உட்காருங்கள்.

இது தெளிவா, இதுவா?