படம் வர்ற கார்டு

ஜாக்கி ராடால் குப்புராஜ் போட்ட முதல் அடியிலேயே பூவரசனின் தாடை உடைந்து தொங்கிவிட்டது. அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில், பட்டப்பகலில். அந்த இடத்தின் மேல் கண் வைத்த குப்புராஜிடம், தன் பரோட்டாக் கடையைக் காலி பண்ண மாட்டேன் என்றதற்கு அந்தக் கூலி. போலீஸ் வந்ததும், "லாரிலருந்து உழுந்துட்டான் சார்" என்று கூசாமல் சொன்னான் அந்தப் பாவி. பார்த்தவர்களுக்கெல்லாம் திடீரென்று கண் அவிந்துபோயிற்று. பூவரசனோ ஆஸ்பத்திரியில் வாயைக் கம்பியால் கட்டிக் கிடந்தான்.

மிச்சமிருந்த சாட்சி கடையின் கேமரா ஒன்றுதான். அது பதிவாகிற பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, பூவரசனின் மனைவி நிர்மலா நேராக இத்ரீஸின் ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டாள். இத்ரீஸ் பூவரசனின் சிநேகிதன். அந்தப் பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். ஆன் செய்தால் ஓடியது, திரை மட்டும் இருட்டு. படம் பதிவான ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் ஜோடித்த படம் என்று குப்புராஜ் ஆட்கள் சாதித்துவிடுவார்கள், அதே பெட்டியில்தான் காட்ட வேண்டும் என்று வக்கீல் வேறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சிக்கல் எங்கே என்று இத்ரீஸ் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். சிஸ்டம் தானாக அப்டேட் ஆகியிருந்தது. திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு கிழடு. செய்த கம்பெனியே இனி அதை இயக்குகிற டிரைவர் சாப்ட்வேர் இல்லை என்று கை கழுவிவிட்டது. லினக்ஸோடு சும்மா வருகிற ஓப்பன் சோர்ஸ் டிரைவர் அப்படிக் கழுவாது. எந்தக் கிழட்டுக் கார்டைச் செருகினாலும் வா என்று சேர்த்துக்கொள்ளும். ஆனால் கம்பெனி டிரைவர் தானும் படுக்காமல் தள்ளியும் படுக்காமல் குறுக்கே கிடந்தது. எழுத்து மட்டும் வருகிற ரெக்கவரி திரையில் அதோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக வேரோடு பிடுங்கிப் போட்டான்.

"இனிமே ரீஸ்டார்ட் பண்ணா படம் வந்துரும் அண்ணி" என்று பட்டனை அழுத்தப் போனான்.

அப்போதுதான் அருள்குமார் உள்ளே நுழைந்தான். குப்புராஜின் அடியாள். பின்னால் இரண்டு தடியன்கள்.

"கார்டு எங்கடா?"

"எந்தக் கார்டு?"

அறை விழுந்ததில் இத்ரீஸின் உதடு கிழிந்தது. "படம் வர்ற கார்டுடா! அண்ணன் புடுங்கிட்டு வரச் சொன்னாரு!"

கேமராவில் படம் பதிவாகிற மெமரி கார்டு இருக்குமென்று நினைத்து, அதைத்தான் குப்புராஜ் சொல்லி அனுப்பியிருந்தான். இந்த மடையனுக்கு அதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இத்ரீஸுக்குப் பொறி தட்டியது. திறந்து கிடந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, கிராபிக்ஸ் கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இத மட்டும் தொடாதீங்க! அல்லா மேல ஆணையா விடமாட்டேன்!"

அவ்வளவுதான். அருள்குமார் மேஜை மேலிருந்த சுத்தியலை எடுத்து அவன் விரல்கள் மேலேயே இறக்கினான். எலும்பு நொறுங்கியது நிர்மலாவின் காதில் விழுந்தது. பாய்ந்து வந்தவளை ஒருத்தன் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். இத்ரீஸ் அப்போதும் விடவில்லை. சட்டென்று விட்டால் சந்தேகம் வருமே! இன்னொரு அடி விழுந்த பிறகுதான் விட்டான். அருள்குமார் கார்டைப் பிடுங்கி, வாசலில் போட்டு மிதித்து நொறுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

"எல்லாம் போச்சே தம்பி!" என்று நிர்மலா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

இத்ரீஸ் ரத்தத்தைத் துப்பினான். "ஒண்ணும் போவல அண்ணி. அது படத்தக் காட்டற கார்டு. படம் டிஸ்குல இருக்குது. அந்தப் பழைய சாமான் டப்பாவுல இன்னொரு கார்டு கெடக்கும், எடுங்க. எங் கையால முடியாது."

நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல நிர்மலாவே செருகினாள். பட்டனை அவளே அழுத்தினாள். அந்தக் கார்டு உடைந்ததைவிடக் கிழடு. இருந்தும் திரை விழித்துக்கொண்டது.

ராடை ஓங்கிய குப்புராஜின் முகம் பளிச்சென்று தெரிந்தது. பூவரசனின் தோளை அமுக்கிப் பிடித்திருந்தவன் இதே அருள்குமார். ஊரில் எவனுக்கும் தலைகுனியாத பூவரசன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கும்பிட்ட கையைத் தாண்டித் தாடையில் ராடு இறங்கியது.

சுத்தியல் அடிக்கு அழாத இத்ரீஸ் இதற்கு ஓவென்று அழுதுவிட்டான். "நிறுத்திடுங்க அண்ணி, நீங்க பாக்க வேணாம்."

"ஏன் பாக்கக் கூடாது? அவரு கும்புட்டது எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் நிர்மலா. படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, வக்கீலுக்குப் போன் போட்டாள்.