சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மண்டவெல்லம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஊசி போடும்போது வராது, சீழ் பிடித்த கட்டைப் பிரிக்கும்போது வராது. எதிரே இருப்பவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் மட்டும் வந்துவிடும். பதினெட்டு வருசமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் என்னிடம் சொல்லாத பொய் கிடையாது. காப்பிக்கு லேசாகத்தான் சீனி போட்டேன் என்பார்கள், இலையில் வைத்த லட்டை எப்படி ஒதுக்குவது என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சியையும் அவர் மனைவி குருவம்மாக்காவையும் நான் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது, விஸ்வநத்தத்துக்காரர். முப்பது வருசமாகப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. அந்த அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. உரசினால் பொறி பறந்துவிடும் என்று எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலில் என்றைக்கோ ஏதோ குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது இடது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. 2007 சித்திரையில் பெரியாஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு, செருப்புப் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலையாகக் கேட்டில் போட்டார்கள்.

விரல் போன இடம் ஆறவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவது என் வேலை. சர்க்கரை முந்நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்குவேனா என்று நின்றது. மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பாக்கி இல்லாமல் விழுங்கியிருந்தார். ஆவணியில் டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம். சர்க்கரை இறங்கலேன்னா மதுரைக்கு எழுதிடுவேன். அங்க பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

வெளியே வந்ததும் நான் குருவம்மாக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. காப்பிக்குச் சீனி போடுறீகளா?"

"சீனி டப்பாவக் கழுவிக் கவுத்தி எட்டு மாசமாச்சு நர்சம்மா."

"மிட்டாய், இனிப்புச் சேவு?"

"விக்கிறவன் தெருவுக்குள்ள வந்தா நான் கதவச் சாத்திருவேன்."

"கோயில் பொங்கல்?"

"சாமி கோவிச்சாலும் பரவாயில்லன்னு பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்." சொல்லிவிட்டு அண்ணாச்சியின் தலையில் கை வைத்தாள். "இவுகமேல சத்தியம்."

"சத்தியம் பண்ணினா சர்க்கரை இறங்கிருமா? பொய் சொல்லிச் சொல்லி இவரு கால எடுக்கத்தான் போறாக, பாத்துக்கிட்டே இருங்க!" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி மட்டும், "நர்சம்மா ஏசுனாத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

அடுத்த வியாழக்கிழமை கட்டு மாற்ற அவர் வரவில்லை. தீபாவளி சீசன், லோடு மேல் லோடு போகிற நேரம். விட்டுவிடலாம் என்று நினைத்தேன், மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பையில் பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்தில் இறங்கினேன்.

வாசலில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்தது. குருவம்மாக்கா கையில் தட்டோடு தெருவைப் பார்த்து நின்றாள். என்னைக் கண்டதும், "வாங்க நர்சம்மா, இந்தா இவுக வண்டி வர்ற நேரந்தான்" என்றாள். கம்பெனி வேன் வந்தது. அண்ணாச்சி நொண்டியபடி இறங்கி வந்து இரண்டு தடவை இருமினார். தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட விடாமல் தட்டை நீட்டினாள். அதில் கைப்பிடி அளவு மண்டவெல்லமும் இரண்டு நாட்டு வாழைப்பழமும் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இது என்னது?" என்று தட்டைக் காட்டினேன்.

"வெல்லம் நர்சம்மா."

"இனிப்பே குடுக்கிறதில்லன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீகளே!"

அவள் முகத்தில் பயமோ திருட்டுத்தனமோ இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "இது இனிப்புல எப்படிச் சேத்தி? நெஞ்சுல கெடக்க தூசிய அடிச்சுக்கிட்டுப் போறதுக்குல்ல குடுக்கேன்."

"அவருதான் கேட்டுல இருக்காரே. இப்ப ஏது தூசி?"

"முப்பது வருசத் தூசி உள்ள கெடக்கே, அது எங்க போகும்? எங்கண்ணன் சுந்தரபாண்டியும் இதே வேலதான். வெல்லம்னா தொட மாட்டான். நாப்பத்தாறு வயசுல இருமி இருமியே போய்ச் சேந்துட்டான். இவுகளுக்கு நான் ஒரு நாள் தவற விட்டதில்ல நர்சம்மா. எனக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்குக்கூட எந்திரிச்சு வந்து குடுத்திருக்கேன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நானும் இந்த ஊர்ப்பக்கத்தில் பிறந்தவள்தான். என் அப்பா யோபு தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை பார்த்தார். தினமும் சாயங்காலம் அம்மா என்னைத்தான் வெல்லம் வாங்கக் கடைக்கு அனுப்புவாள். கம்பெனி விடுகிற நேரத்தில் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் வெல்லமும் வாழைப்பழமும் விற்றுத் தீர்வதை இன்றைக்கும் பஸ் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். சீனியைக் கேட்டேன், மிட்டாயைக் கேட்டேன், சாமிப் பொங்கலைக்கூட விடவில்லை. வெல்லத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டவள் நான். அத்தனை பேர் முன்னால் அவளை அழவைத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

அவள் கையைப் பிடித்து வாசல்படியில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னேன். "அக்கா, வெல்லம் நெஞ்சுக்குப் போகாது. தூசி போறது மூச்சு வழி, வெல்லம் போறது வயித்து வழி. தொண்டைக்கு வேணும்னா இதமா இருக்கும். வயித்துக்குள்ள போயிட்டா ரத்தத்துல சீனியும் ஒண்ணுதான், வெல்லமும் ஒண்ணுதான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப, அந்த வெரல எடுத்தது டாக்டர் இல்லையா? நான்தானா?"

அண்ணாச்சிதான் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நீ இப்படிக் கேப்பேன்னுதான் புள்ள நான் சொல்லல."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"பெரியாஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரரு சொன்னாரு, வெல்லமும் ஆகாதுன்னு. வெரலு அதுக்கு முன்னாலயே போயிருச்சு. இனி சொல்லி என்ன ஆகப் போகுது? சொன்னா நீ சோறு திம்பியா, ஒறங்குவியா? நீ உள்ள போற நாள்ல எல்லாத்தையும் ஆட்டுக்குத்தான் போட்டேன். நின்னு பாக்குற நாள்லதான் திங்க வேண்டியதாப் போச்சு."

"நான் என்னைக்காவது ஒரு நாள்தான உள்ள போவேன்?" என்றாள் அவள் அழுதுகொண்டே.

"அதான் சர்க்கரை எறங்கல."

"அடுத்து அந்த ஆட்டுக்குத்தான் ரத்தம் எடுக்கணும்" என்றேன். பிறகு எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது. "பொண்டாட்டி மனசு நோகுமேன்னு யாராவது கால விட்டுக்குடுப்பாகளா அண்ணாச்சி? உங்களுக்குப் புத்தி இருக்கா?" கத்திக்கொண்டே இருந்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் பிராங்க்ளின் எனக்காக ஒரு முறுக்கைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

கட்டு மாற்றி முடித்தபிறகு, பிரஷர் பார்க்க வைத்திருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அண்ணாச்சியின் முதுகில் வைத்தேன். நான் கேட்டுவிட்டு அவள் காதில் மாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னமோ போயிட்டு வருது."

"அது அவரு மூச்சுக்கா. கொஞ்சம் இளுப்பு இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு நெஞ்சுப் படம் எடுத்துப் பாக்கணும். டாக்டர் தனியா மருந்து குடுப்பாரு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்குச் சாயங்காலம் இவுக வண்டிய விட்டு எறங்கி வருவாகளே. நான் வெறுங்கையோடவா நிப்பேன்?"

மாத்திரை, பத்தியம் எல்லாவற்றையும்விட அவளுக்கு அதுதான் பெரிய விசயம் என்று எனக்குப் புரிந்தது.

"தண்ணியும் துண்டும் எடுத்துக்கிட்டு நில்லுங்க. வாயக் கொப்பளிச்சு மூஞ்சியக் களுவச் சொல்லுங்க. வலது காலக் களுவி, வெரல் இடுக்குல ஈரமில்லாமத் தொடச்சு, புண்ணு கொப்பளம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. புண்ணு ஆறுனப்பறம் ரெண்டு காலையும் பாக்கணும். அவருக்குக் குனிஞ்சு பாக்க வயிறு விடாது. தெனமும் பாக்க ஒரு ஆளு வேணும்."

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இரண்டு வாரத்தில் சர்க்கரை இருநூற்றுப் பத்துக்கு வந்தது. டாக்டர் மதுரைக்கு எழுதவில்லை. தீபாவளி வாரத்தில் நூற்று அறுபது. கார்த்திகை முடிவதற்குள் புண் மூடிக்கொண்டது. கால் அவருடையதாகவே நின்றது. ஆடும் பழையபடி இளைத்துவிட்டது.

மார்கழியில் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கமாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குருவம்மாக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல்படியில் அமர்ந்து, அவர் காலை மடியில் வைத்துப் பழைய சேலைத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். விட்டுப் போகக் கூடாதென்று சத்தமாக எண்ணுவது அவள் பழக்கமாகியிருந்தது. வலது காலில் ஐந்து. இடது காலில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குப் பிறகு அவள் கைக் கட்டைவிரல் அந்த வெற்றிடத்திலேயே நின்றுவிட்டது. தலை குனிந்துவிட்டது. தினமும் இப்படித்தான் நிற்குமோ என்னவோ.

அண்ணாச்சி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"பத்துன்னு சொல்லு புள்ள."

"இல்லாதத எப்படிச் சொல்ல?"

"அதுவும் நீ சோறு போட்டு வளத்த வெரல்தான. விட்டுட்டு எண்ணாத. சொல்லு."

அவள் துணியால் முதலில் தன் கண்ணைத் துடைத்தாள். பிறகு அந்த இடத்தையும் ஈரமில்லாமல் துடைத்தாள்.

"பத்து" என்றாள்.