ரொட்டிக்கு அழுத ராஜா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும்னு எங்கம்மா பூவாயி குரும்பகரம் பூராவும் சொல்லி வச்சிருந்தா. பொய்யில்ல. ஆனா அந்தக் கோபம் இல்லேன்னா என் படிப்பு அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

வருஷம் ஐம்பத்தஞ்சு. பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகல. அதுவரைக்கும் வாத்தியாரை 'முசே'ன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த நாங்க, இனிமே 'சார்'னு கூப்பிடணுமாம். பாடமெல்லாம் இங்கிலீஷாம். சின்ன வயசுலேருந்து பிரெஞ்சை உருப்போட்டவளுங்க திடீர்னு வேற பாஷை பேசணும். நாக்கு என்ன மாட்டுவண்டியா, கயித்தை இழுத்ததும் திரும்புறதுக்கு?

எங்க ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித்தர நாகப்பட்டினத்துலேருந்து கமாலுதீன் சார் வந்தார். இலக்கணத்துல ஆரம்பிப்பார்னு பயந்துகிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் என்னடான்னா, "முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒருத்தர் நாடகம் எழுதினாரும்மா. அதுல சோக நாடகங்கள்தான் பெரிசு. அதுலேருந்து ஆரம்பிப்போம்"னார்.

"சோக நாடகம்னா என்ன சார்?"னு கேட்டா பக்கத்துல இருந்த அஜீசுன்னிசா.

"பெரிய நிலையில இருக்கிற ஒருத்தன், தானே செஞ்ச தப்பால எல்லாத்தையும் இழந்து கடைசியில செத்துப் போறது."

"அப்ப மங்களம் எப்ப பாடுவாங்க?"ன்னேன் நான். எங்க ஊர்க் கூத்துல எத்தனை தலை உருண்டாலும் மங்களம் பாடாம யாரும் எழுந்திருக்க மாட்டாங்க.

"பாட மாட்டாங்க. அப்படியே அழுதுகிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"காசு கொடுத்துப் போய் அழணுமா? நல்லா இருக்கே."

வகுப்பே சிரிச்சுது. சாரும் சிரிச்சார். அப்புறம் ஒரு கிழ ராஜா கதையைச் சொன்னார். உசிரோட இருக்கும்போதே நாட்டைப் பங்கு போட்டு மகள்களுக்குக் கொடுத்துட்டு, அவளுங்க கதவைச் சாத்தினதும் புயல் மழையில வெட்டவெளியில நிக்கிறான். சிரிச்சவளுங்க எல்லாரும் "அப்புறம் என்ன ஆச்சு சார்?"னு கேட்க ஆரம்பிச்சுட்டாளுங்க. மூல நாடகம் எங்களுக்கு எட்டாதுன்னு, சாரே அந்தக் கதையைச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக் கரும்பலகையில எழுதிப் போட்டு, தினமும் படிக்க வச்சார்.

அந்தச் சமயத்துலதான் கல்வி அதிகாரி இளையபெருமாள் வரப்போறார்னு சேதி வந்துச்சு. பிரெஞ்சில படிச்ச பிள்ளைங்க ஒன்பதாம் வகுப்புக்கு லாயக்கா, இல்ல ஏழாம் வகுப்புக்கு இறக்கணுமான்னு பார்த்து முடிவு பண்ணுவாராம். வீட்டுல சொன்னேன். எங்கப்பா கருப்பையன் ஏர்க்கலப்பையைச் சாத்தி வச்சுட்டு ஒரே வார்த்தையில முடிச்சார்.

"கீழ எறக்கினா படிப்பு போதும். தை பொறந்ததும் உன் மாமனுக்கே கட்டிக் கொடுத்துடறேன்."

எனக்குப் பதினஞ்சு வயசு. மாமனுக்கு முப்பது தாண்டியாச்சு.

அதிகாரி வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சார். கரும்பலகையைப் பார்த்துட்டு, "இந்தப் பிள்ளைங்களுக்கு இங்கிலாந்து நாடகமா? ஏ பி சி டி போதாதா கமாலுதீன்?"னார். சார் பதில் சொல்றதுக்குள்ள என்னைக் கை காட்டி, கடைசி வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டார்.

படிச்சேன். புயல்ல நிக்கிற ராஜா எதுக்காகவோ அழறார். அந்தச் சொல்லுக்கு நாலே எழுத்து: பி, ஏ, ஐ, என். ஆ, தெரிஞ்ச சொல்லாச்சேன்னு நெஞ்சு நிமிர்ந்துச்சு.

"ராஜா ரொட்டிக்கு அழறார் சார்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரிச்சார். பிரெஞ்சில அந்த நாலெழுத்து ரொட்டி. இங்கிலீஷில வலி. அஜீசுன்னிசா என் தாவணியைப் பிடிச்சு இழுத்தா. அதிகாரி கமாலுதீன் சார் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? ராஜாவைப் பேக்கரியில கொண்டுபோய் நிறுத்திட்டா. எல்லாரும் ஏழாம் வகுப்புதான். உட்காரும்மா."

"உட்கார மாட்டேன் சார்."

கமாலுதீன் சார் முகம் வெளுத்துப்போச்சு. ஆனா என் வாய் நிக்கல.

"சொல்லுக்கு அர்த்தம் தப்பு. ஒத்துக்கறேன். கதை தப்பில்ல. மூணு வருஷம் முந்தி அடிச்ச புயல்ல எங்க கூரை போச்சு, விளைஞ்ச நெல்லு போச்சு. எங்கப்பா வயல்ல நின்னு அழுதார். அது வலியா பசியான்னு நாங்க பிரிச்சுப் பார்க்கல. ராஜாவா இருந்தா மட்டும் ஈரத்துணியோட நிக்கிறப்ப பசிக்காதா சார்? ஏன் நின்னான், யார் கதவைச் சாத்தினா, எல்லாம் எனக்குத் தெரியும். கேளுங்க, சொல்றேன்."

கேட்டார். தமிழ்ல இல்ல, இங்கிலீஷ்ல. நான் ஓட்டை இங்கிலீஷ்ல, இடையில ரெண்டு மூணு பிரெஞ்சும் கலந்து, ராஜா சாகிற வரைக்கும் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "சரி. உன்னை மட்டும் ஒன்பதுலயே விடறேன். மத்தவங்க கீழ போகட்டும்."

நான் கேட்டது கிடைச்சாச்சு. மாமன் இல்ல, கல்யாணம் இல்ல. 'நன்றி சார்'னு உட்கார்ந்திருந்தா வேலை முடிஞ்சுது. திரும்பி அஜீசுன்னிசாவைப் பார்த்தேன். அவ தலையைக் குனிஞ்சுகிட்டா. அவளையும் வீட்டுல நிறுத்திடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

"வேண்டாம் சார். பங்கு போட்டவன் என்ன கதிக்கு ஆளானான்னு இப்பத்தானே சொன்னேன். வச்சா எல்லாரையும் வைங்க. இறக்கினா என்னையும் சேர்த்து இறக்குங்க."

"வாய்க்கொழுப்பு"ன்னார். ஆனா போறப்ப கமாலுதீன் சார்கிட்ட, "மார்கழியில வந்து எல்லாருக்கும் பரீட்சை வைப்பேன். தேறாதவங்களை அப்ப பேசிக்கலாம்"னு சொல்லிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தப்ப அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். "மேலயா, கீழயா?"

"ரெண்டும் இல்ல. மார்கழியில பரீட்சை. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"எதிர்த்தா பேசற?"ன்னார். எதிர்த்துத்தான் பேசினேன். நடந்தது பூராவும் சொன்னேன், ராஜா கதையையும் சேர்த்து. புயல் வந்த இடத்துல அப்பா சாப்பிடறதை நிறுத்திட்டார்.

"நாட்டையே கொடுத்தவனுக்கு ஒருத்தியும் சோறு போடலியா?"

"போடலப்பா."

தட்டுல இருந்த சோத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ சொன்னதுதான் சரி. சோத்துக்குத்தான் அழுதிருக்கான்"னார். அப்புறம், தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டே கேட்டார்: "மார்கழியில எத்தனாம் தேதி பரீட்சை?"