பெய்ராக் புதன்சந்தை

பதினோராம் நாள் காலையில் ஓடீலுக்குக் கால் செருப்புக்குள் லேசில் நுழையவில்லை. கணுக்கால் இரண்டும் ஊதிக் கிடந்தன. படுக்கை விளிம்பில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷம் கல்லாவுக்குப் பின்னால் நின்ற கால்கள் அவை. அப்போதெல்லாம் இப்படி வீங்கியதில்லை. ஓய்வெடுக்க வந்த இடத்தில் வீங்கி நிற்கின்றன.

கீழே முற்றத்தில் கணவன் எர்வே காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஓடீல்! ஒம்பது மணியாகப் போவுது. இன்னிக்கு பெய்ராக் சந்தை. பன்னெண்டரைக்கெல்லாம் மூட்டை கட்டிருவாங்க."

"வரேன், வரேன். சந்தை ஓடியா போகப்போவுது?"

வடக்கே, பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அவர்கள் ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி கடையை வேறொரு இளம் தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். கடைக்கு மேல்தான் வீடு, அதுவும் அதோடு போனது. வாடகைக்குப் பேசியிருந்த வீடோ அக்டோபர் ஒன்றாம் தேதிதான் காலியாகும். நடுவில் இருபத்தொரு நாள், தலைக்கு மேல் கூரை இல்லை. "உங்களுக்கு இது கடவுள் கொடுத்த விடுமுறை" என்றாள் மொன்ரியாலில் இருக்கும் மகள் மார்கோ. தெற்கே பதினாலு கிராமம், ஒன்பது சந்தை என்று நாள்வாரியாக ஒரு பட்டியல் போட்டு அனுப்பினாள். எர்வே அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, வண்டி ஓட்டும்போது கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

இதுவரை ஆறு சந்தைகள் முடிந்திருந்தன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாதாகோயில் மணி, ஒரு நீரூற்று, அதன் பக்கத்தில் தேன் விற்கிற ஒரு தாடிக்காரர். எது எந்த ஊர் என்று ஓடீலுக்குக் குழம்பத் தொடங்கி நாலு நாளாயிற்று. ஆட்டுப் பாலாடைக்கட்டியை நாக்கில் வைத்து, "ஆகா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

அதைவிடப் பெரிய அலுப்பு ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எர்வே நடுநிசி கடந்து ஒரு மணிக்கு அடுப்படிக்கு இறங்குகிறவன், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிடுவான். அவள் காலை ஆறரைக்குக் கடை திறந்து இரவு எட்டுக்கு மூடுகிறவள். மாடிப்படியில் எதிரெதிரே ஏறி இறங்கும்போதுதான் சந்திப்பு. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை, அன்றைக்கு இருவரும் தூங்கித் தீர்ப்பார்கள், அவரவர் நேரத்துக்கு. இப்படியே ஒரு மகளை வளர்த்துக் கல்யாணமும் பண்ணிக் கொடுத்தாயிற்று. இப்போதுதான், அறுபத்திரண்டு வயதில், காலையிலிருந்து இரவுவரை ஒரே காரில், ஒரே மேசையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி.

பெய்ராக் போகும் வழியில் எர்வே வானத்தைக் காட்டினான்.

"அது பருந்துதானே?"

"பருந்துதான்."

இருபது நிமிஷத்துக்கு அதுதான் பேச்சு.

பெய்ராக்கில் சந்தை கோயிலைச் சுற்றி நாலு தெருவில் பரவிக் கிடந்தது. அத்திப்பழமும் கருநீலப் பிளம்பழமும் வந்து குவிகிற பருவம். எர்வே வழக்கம்போல முதலில் ரொட்டி விற்கிற இடத்தைத் தேடிப் போனான். எதையும் குறை சொல்லமாட்டான். ஒரு ரொட்டியைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்து, "ம்" என்று சொல்லிக் கீழே வைப்பான். அந்த "ம்"மைக் கேட்ட எந்த ரொட்டிக்காரரும் அதற்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"நீ போ, நான் மெதுவா வரேன்" என்றாள் ஓடீல்.

தெருமுனையில் ஒரு கிழவி பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள். பீங்கான் தட்டுகள், செம்புப் பாத்திரங்கள், விளக்குகள், நடுவில் வைக்கோல் பின்னிய ஒரு நாற்காலி. ஓடீல் யோசிக்கவேயில்லை, போய் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது விக்கிறதுக்கு வச்சிருக்கேன், மதாம்."

"தெரியுது. ரெண்டே நிமிஷம்."

"உக்காருங்க, உக்காருங்க. ஆளு உக்காந்திருந்தாத்தான் நாற்காலி ஒடையாதுன்னு ஊருக்குத் தெரியும்." கிழவி கை நீட்டினாள். "ரேமோந்."

அந்த நேரம் பார்த்து நகராட்சிக் காவலர் ஒருவர் வந்து, ரேமோந்தின் வண்டி மீன் வண்டிக்கு வழிமறித்து நிற்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார். ரேமோந் அவரையும் அவர் தொப்பியையும் சேர்த்துத் திட்டிவிட்டு ஓடீல் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு நிமிஷம் பாத்துக்கங்க."

"நானா? ஐயோ, மதாம், நான் வந்து..."

"வெலையெல்லாம் அடியில ஒட்டியிருக்கு. எவனாச்சும் கொறைச்சுக் கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குங்க, போதும்." சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

கடையின் கடைசி நாளில் ஓடீல் ஒரு சபதம் எடுத்திருந்தாள். இனி உயிரோடு இருக்கும்வரை எந்த வாடிக்கையாளருக்கும் தான் முதலில் வணக்கம் சொல்வதில்லை என்று. பத்து நாள் காப்பாற்றினாள். ஐந்து நிமிஷம் பதினைந்தாயிற்று, அரைமணியாயிற்று. ரேமோந்தைக் காணவில்லை. ஒரு டச்சுக்காரரும் மனைவியும் வந்து நின்று நாற்காலியைக் காட்டி, "இது?" என்றார்கள். ஓடீல் எழுந்து, அதைக் கவிழ்த்து விலையைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் பேரம்கூடப் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நிற்க வேண்டியதாயிற்று.

நாற்காலி விற்றதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தட்டுகளை நீட்டினார்கள். அப்போது அவளையறியாமல், கடையில் பேசும் அந்தக் குரல், மென்மையாக, சிரிப்போடு, கொஞ்சம் மூக்கால், அவள் வாயிலிருந்து வந்தது.

"அடுத்தது யாரு?"

நின்றவர்கள் சட்டென்று வரிசையானார்கள்.

அந்த வரிசையைப் பார்த்ததும் ஓடீலுக்கு அழுகை வந்தது. ஓரக்கண்ணில் துடைத்துக்கொள்கிற அழுகையில்லை, தோள் குலுங்குகிற அழுகை. கடையின் கடைசி நாளில் ஊரே பூச்செண்டோடு வந்தபோது ஒரு சொட்டு விடவில்லை. "இனி ஜாலிதான்" என்று எல்லோருக்கும் சிரித்துக் காட்டியவள்.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் மூடிபோட்ட ஒரு சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"உங்க அம்மாவோடதா, மதாம்?"

ஓடீல் இன்னும் பலமாக விம்மினாள்.

"வேண்டாம், வேண்டாம்" என்று கிண்ணத்தைத் திரும்ப வைத்தார் அவர். "எங்கக்காவும் இப்படித்தான், வீட்ட வித்தப்போ ஒரு கரண்டிக்காக அழுதா. வச்சுக்கங்க. எங்கிட்ட நாலு கிண்ணம் இருக்கு."

எர்வே அவளை ஒரு மணிநேரமாகத் தேடிக்கொண்டிருந்தான். கையில் திராட்சைப் பொட்டலத்தோடு தெருமுனையில் திரும்பியவன், தன் மனைவி யாரோ ஒருவருடைய தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தான்.

"ஓடீல்? இங்க என்ன பண்ற?"

"கடை பாக்கறேன்" என்றாள் விம்மலுக்கு நடுவே.

அவன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து, அடுத்தவர் நீட்டிய தட்டுகளைச் சுற்றத் தொடங்கினான். பெரிய கைகள், ஓரம் மடிக்கிற விதம் மட்டும் நேர்த்தி. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விலை சொன்னாள், அவன் சுற்றிக் கொடுத்தான். வரிசை கரைந்தது.

கோயில்மணி ஒன்றடித்தபோது ரேமோந் பல்லைக் குத்திக்கொண்டே வந்தாள்.

"வண்டி கெளம்பல. தள்ளிவிட ஆளுங்களப் புடிச்சேன். அப்பறம் பசிச்சுது. அதான் நீங்க இருக்கீங்களேன்னு சாப்பிட்டு வந்துட்டேன்." மேசையை ஒரு பார்வை பார்த்தாள். "பரவால்லையே! அடுத்த புதன் வர்றீங்களா?"

"மாட்டேன்" என்றாள் ஓடீல்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த வார்த்தையை இவ்வளவு நேராக யாரிடமும் அவள் சொன்னதில்லை. ரேமோந் கோபித்துக்கொள்ளவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. தோளைக் குலுக்கிவிட்டு விளக்குகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

ஊருக்கு வெளியே, சரிவில், முன்காலத்தில் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டி ஒன்று இருந்தது. ஓடீல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டாள். சில்லென்றிருந்தது. எர்வே பக்கத்தில் உட்கார்ந்து திராட்சையைப் பிரித்தான்.

"ஏன் அழுத?"

"தெரியல."

நாலைந்து பழம் தின்றார்கள்.

"எர்வே, அடுத்த சந்தைக்கு நான் வரல."

"ஞாயித்துக்கிழமையா?"

"எந்தக் கிழமையும்."

அவன் தண்ணீரையே பார்த்தான். "உனக்குப் புடிக்குமேன்னுதான் நான்..."

"எனக்கா?"

"மார்கோதான் சொன்னா. 'அம்மா எவ்ளோ ஆசையா இருக்காங்க தெரியுமா, நீங்க சடைச்சுக்காம கூட்டிட்டுப் போங்கப்பா'ன்னா."

"எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அப்பாவுக்கு இத்தன வருஷ ஆசைம்மா. முடியலன்னாலும் காட்டிக்காதீங்க'ன்னா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கழுதை" என்றான் எர்வே.

"உன் மகதானே. வேற எப்படி இருக்கும்?"

"பொய் சொல்றதெல்லாம் உன் வம்சம். எங்க வம்சத்துக்கு வாயே கெடையாது."

அது உண்மைதான். அவள் சிரிக்கப் போனாள், ஆனால் சிரிப்பு பாதியிலேயே களைத்துப்போயிற்று. எர்வே தொண்டையைச் செருமினான்.

"எனக்கு மூணு மணிக்கே முழிப்பு வந்துருது. உன்ன எழுப்ப வேண்டாம்னு கார்ல போய் உக்காந்துக்கறேன்."

"கார்லயா? காலாற நடக்கப் போறன்னுல்ல நெனச்சேன்!"

"அந்த இருட்டுல எங்க நடக்கறது? குறுக்கெழுத்து போடறேன். பாதிக் கட்டம்கூட நெரம்ப மாட்டேங்குது."

பதினோரு விடியற்காலை, பூட்டிய காரில், மடியில் செய்தித்தாளோடு அவன் உட்கார்ந்திருந்ததை ஓடீல் நினைத்துப் பார்த்தாள். அந்தத் தெம்பில்தான், அல்லது தெம்பே இல்லாததால்தான், பல நாளாக மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"உங்கிட்ட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியல, எர்வே. புது வீட்டுக்குப் போனா தெனமும் இப்படித்தான். விடிஞ்சா அடைஞ்சா நீயும் நானும் மட்டும். எனக்கு பயமா இருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சண்டை வரும், அல்லது வழக்கம்போல எழுந்து காரைத் துடைக்கப் போவான் என்று நினைத்தாள்.

"எனக்கும்தான்" என்றான் எர்வே.

அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு சொல் சேர்க்கவில்லை. ஆனாலும் எந்த ஆறுதலைவிடவும் அது அவளுக்கு இதமாக இருந்தது. பயப்படுகிற வேலையையாவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செய்கிறார்களே.

காரை ஒரு பெரிய மரநிழலில் நிறுத்தி, இருக்கைகளைச் சாய்த்து, சும்மா ஐந்து நிமிஷம் என்று கண்ணயர்ந்தார்கள். போன் அடித்து எழுந்தபோது ஐந்தரை மணி. அறுபது கிலோமீட்டர் தள்ளி, அன்றிரவுக்கு அறை பேசியிருந்த வீட்டுக்காரம்மா, எங்கே இருக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தாள். எர்வே போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"வரலைன்னு சொல்லு" என்றாள் ஓடீல்.

"என்ன காரணம் சொல்ல?"

"தூங்கிட்டோம்னு சொல்லேன். பொய்யில்லையே."

பெய்ராக் காப்பிக்கடையின் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஓர் இரவுக்கென்று கேட்டார்கள், பதினோரு இரவு தங்கினார்கள். அத்தனை நாளில் அவர்கள் பார்த்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. அசதி என்பது ஒருநாள் தங்கிப் போகிற விருந்தாளியில்லை. தூங்கத் தூங்க இன்னும் தூக்கம் வந்தது. கால் வீக்கம் வடிய நாலு நாளாயிற்று. பேச்சும் ஒரேயடியாகப் பெருகிவிடவில்லை. சில சாப்பாடுகள் வந்ததிலிருந்து முடிகிறவரை மௌனமாகவே கழிந்தன. ஆனால் அந்த மௌனத்தை நிரப்ப இருவரும் பருந்தைத் தேடவில்லை. விடியற்காலையில் எர்வே எழுந்தால் இப்போது கீழே போவதில்லை. "லைட்டப் போட்டுக்கோ, எனக்கொண்ணுமில்ல" என்று அவள் சொல்லியிருந்தாள். கட்டம் சிக்கினால் அவன் சத்தமாகப் படிப்பான், அவள் தூக்கத்திலேயே ஏதாவது சொல்வாள், பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஒருநாள் அதை வைத்து அரைமணிநேரம் சண்டை போட்டார்கள். நல்ல சண்டை, உரத்த குரலில். இதற்கு முன் அப்படிச் சண்டை போட அவர்களுக்கு நேரம் வாய்த்ததில்லை.

அடுத்த புதனன்று சந்தை ஜன்னலுக்கு நேர்கீழே கூடியது. கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தார்கள். ரேமோந் யாரையோ திட்டுகிற சத்தம் மேலே வந்தது. ஓடீல் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். மார்கோ போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எப்படி என்று கேட்டபோது, "கூட்டம் தாங்கல, கண்ணு" என்றான் எர்வே, கூசாமல். போனை வைத்த பிறகு, "எங்க வம்சத்துக்கு வாயே கெடையாதுன்ன?" என்றாள் ஓடீல்.

அக்டோபர் ஒன்றாம் தேதி காலையில் வடக்கே புறப்பட்டார்கள். லிமோஜ் தாண்டியதுமே ஓடீல் தூங்கிவிட்டாள். விழித்தபோது இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த மொட்டை வயல்கள், வானம் முழுக்கச் சாம்பல் நிறம்.

"எங்க இருக்கோம்?"

"ஓர்லியான் தாண்டியாச்சு."

"இன்னும் ரொம்ப தூரம் இருக்கா?"

"இருக்கு. மூணு மூணரை மணிநேரம்."

"சரி, நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.