பியூஸ் பிடுங்கிய வீடு

வயர்மேன் தணிகாசலத்துக்குப் பேய் என்றால் சிரிப்பு வரும். சாதாரணச் சிரிப்பு இல்லை. முல்லா வீதியில் சிரித்தால் வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் ஆடும். ஐம்பத்தெட்டாம் வருஷ ஐப்பசியில், ஏழு நாளாக விடாத மழையில், அத்தர் வியாபாரி பாவாவின் வீட்டு நடையில் நின்று அப்படித்தான் சிரித்தான்.

“சிரிக்காதப்பா. எம் பொண்ணு ரூம்ல இருக்கு அது,” என்றார் பாவா. “வெளக்கு மினுக்கு மினுக்குன்னுச்சு. பயந்து பியூஸைப் புடுங்கிட்டேன். அப்பவும் அணையல, செவப்பா முழிக்குது! ஜன்னலத் தொட்ட வேலக்காரி எகிறிப் போய் விழுந்தா. கரண்டே இல்லாம அடிக்கிறது ஜின்னு இல்லாம வேற யாரு?”

“பியூஸைப் புடுங்கினா ஜின்னும் ஊரைப் பாத்துப் போயிடும் பாய்.”

“மூணு பேர அடிச்சிருச்சு. அடுத்தது ஷாஜாதிதான்னு எனக்குள்ள சொல்லுதுப்பா.”

“அத்தா, பேசாம அந்த ஜின்னுக்கே என்னை நிக்காஹ் பண்ணிக் குடுத்துடுங்க!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஷாஜாதி அவருடைய ஒரே மகள். பயம் என்கிற சாமான் அவளுக்கு அளந்து போடப்படவே இல்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு. ஒன்றரை முழத் தடிமன் சுவர். அத்தனையும் மழையைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே அறைக்குள் இருட்டு. நடுவில் தொங்கிய பல்பு மினுங்கியது. தணிகாசலம் நடைக்குப் போனான், பாவா திரும்ப மாட்டியிருந்த பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

பல்பு அணையவில்லை.

உள்ளே இழை மட்டும் சிவந்து கிடந்தது, தூங்குகிறவன் பாதிக் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல. தணிகாசலம் பையைத் தொட்டுப் பார்த்தான். பியூஸ் பைக்குள்தான் இருந்தது. ஊரைக் குலுக்குகிற அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மர ஸ்டூலில் ஏறி, சுவரோரம் கம்பி ஓடிய மரப்பட்டியைத் திருப்புளியால் நெம்பினான். உள்ளே இரண்டு கம்பிகள். ஒன்றில் மின்சாரம் வரும், மற்றதில் திரும்பிப் போகும். வருகிற கம்பியில் இருக்க வேண்டிய பியூஸை எவனோ ஒரு மகராசன் திரும்புகிற கம்பியில் மாட்டித் தொலைத்திருந்தான். அந்தத் திரும்புகிற கம்பிதான் தோலுரிந்து, ஈரச் சுண்ணாம்புக்குள் ஜன்னலின் இரும்புக் கம்பியில் சாய்ந்துகொண்டிருந்தது.

பியூஸ் இருக்கிறவரை ஆபத்தில்லை. வந்தது வந்த வழி போய்விடும். பிடுங்கினால் போகிற வழி மட்டும் அடைபடும், வருகிற வழி திறந்தே கிடக்கும். பல்புக்குள் நுழைந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் ஜன்னல் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டு ஆளுக்குக் காத்திருக்கும். பாவா பயந்து பயந்து பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் மகளுடைய ஜன்னலுக்குப் பல் முளைத்திருக்கிறது. இப்போது முளைக்க வைத்தது யார்?

அவன் கை சட்டைப்பையிலிருந்த பியூஸுக்குப் போனது.

“ஐயோ, சாரல் அடிச்சுப் படுக்கையெல்லாம் நனையுது!” என்று ஈரக் காலோடு ஓடிவந்தாள் ஷாஜாதி. அந்த வீட்டு ஜன்னலுக்குக் கதவு வெளிப்பக்கம். கம்பிக்கு நடுவே கையை விட்டுத்தான் இழுத்துச் சாத்த வேண்டும்.

“தொடாதே தங்கச்சி!”

“பியூஸுதான் ஒங்க பையில இருக்கே அண்ணே,” என்று சிரித்தபடி அவள் கையை நீட்டினாள்.

பல்பு முழுக் கண்ணைத் திறந்தது. ஷாஜாதியின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. சத்தம் இல்லை. விரல்கள் மட்டும் கம்பியைச் சுற்றி இறுகின. அறை வாசலில் நின்ற பாவா “அல்லா!” என்று மகளைப் பிடிக்கப் பாய்ந்தார். நடைக்கு ஓடிப் பியூஸை மாட்ட நேரமில்லை. தணிகாசலம் ஸ்டூலிலிருந்தே திருப்புளியின் மரப்பிடியால் பல்பை ஓங்கி அடித்தான்.

கண்ணாடி சிதறியது. இருட்டில் அவள் பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மழைச் சத்தம்தான், நூறு வருஷத்துக்கு.

பிறகு ஒரு இருமல்.

“யாரு...” என்றாள் ஷாஜாதி. “யாரு என் கையப் புடிச்சுக்கிட்டு விடாம இருந்தது?”

பாவா மகளை அணைத்துக்கொண்டு அறையின் நாலு மூலையையும் பார்த்தார். ஜின் என்று தணிகாசலம் சொன்னால் போதும், தெருவே நம்பிவிடும்.

“நான்தான் தங்கச்சி,” என்று பையிலிருந்த பியூஸை எடுத்து நீட்டினான் அவன்.