குறி கேட்க வந்தவர்கள்

தொலைந்த மாடு ஏரிக்கரையில் நிற்காமல் கலெக்டர் ஆபீசிலா நிற்கும்? நான் சொன்னால் யார் கேட்டார்கள்!

அறுபத்தெட்டாம் வருஷம், என் அக்கா லோகாம்பாளின் புருஷன் வீரபத்திரன் மாமாவுக்கு நீரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. காய்ச்சல் ஏறியதும் மாமா ஆளே மாறிப்போனார். அக்காவைப் பார்த்தே யாரென்று கேட்டார். கட்டிலைத் தறி என்று நினைத்துக் காலால் மிதித்தார். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சோறு கொண்டுவந்த முசரவாக்கத்து அங்கம்மாளிடம், "உம் மாடு ஏரிக்கரையில நிக்குது, போ" என்று அதட்டினார். அவள் வீட்டு மாடு நிஜமாகவே காணாமல் போயிருந்தது. தாமல் ஏரிக்கரையில் கிடைத்தும் விட்டது. போதாதா? மாமா சாமியாகிவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் லில்லி அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"இது பைத்தியமும் இல்ல, சாமியும் இல்லமா. வயசான ஒடம்பு, காய்ச்சல்ல புத்தி கலங்கிப்போச்சி. நல்லா தூங்க வுடுங்க. தண்ணி குடுத்துக்கினே இருங்க. கூட்டம் சேக்காதீங்க. தெனம் காலையில நெத்தியத் தொட்டுப் பாருங்க. சுட்டாலோ, மறுபடியும் ஒளறினாலோ, ஒடனே இட்டுக்கினு வாங்க."

பிள்ளையார்பாளையத்துக்கு வந்த மறுநாளே வாசலில் எலுமிச்சம்பழமும் கையுமாக ஆட்கள். பெண்ணுக்கு எப்போது வரன் அமையும், களவு போன கம்மல் யாரிடம் இருக்கிறது, இதே பேச்சு.

"நேத்து இன்னா துன்னாருன்னு அவுருக்கே தெரியல, போங்கடி!" என்று அக்கா துடைப்பத்தை எடுத்தாள். அன்று அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா தூங்கினார், கஞ்சி குடித்தார், என்னை அம்சவேணி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, குமாரசாமி. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறியவன். வருஷக்கணக்காக ஒரு கார்டு கூட இல்லை. அவன் பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுவாள்.

ஒரு காலையில் மாமா மறுபடியும் தறியோடு பேச ஆரம்பித்தார். உடம்பு கொதித்தது. நான் ரிக்‌ஷா பிடிக்க ஓடினேன். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே கற்பூர வாசனை. தள்ளிக்கொண்டு போனேன். அக்கா அவர் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள எங்க இருக்குது? சொல்லுங்க. உசுரோட இருக்குதா?"

"வாசல்ல நிக்கிறான். தண்ணி குடு" என்றார் மாமா.

அக்கா சொம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நின்றது ரிக்‌ஷாக்காரன். இங்கே மாமாவின் உதடு வெடித்துக் கிடந்தது. அடிப்பாவி, தண்ணீர் கேட்டது மாமா தன் தாகத்துக்கு! சொம்பைப் பிடுங்கி அவர் வாயில் ஊற்றினேன்.

"கெளம்புக்கா" என்றேன்.

அக்கா என் காலைக் கட்டிக்கொண்டாள். "இருடி, இன்னும் ஒரே ஒரு வார்த்த. காய்ச்சல் எறங்கிச்சின்னா வாக்கும் போயிடும்டி."

பெற்ற வயிறு. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் ரிக்‌ஷாக்காரனும்தான் மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

பிழைத்துக்கொண்டார். இப்போது தெளிவாக இருக்கிறார். லில்லி சொன்னபடி அக்கா தினம் காலையில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், ஒரு நாள் தவறுவதில்லை. நெற்றி ஜில்லென்றுதான் இருக்கிறது.

"காய்ச்சல் இல்லியே லோகா, அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?" என்று மாமா கேட்கிறார்.