வெள்ளிக்கிழமை குடும்பத்துக்கு மட்டும்

எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். மூணு புள்ளைங்க, மூத்தவ பத்தாவது படிக்கிறா. ஆனா இந்த தோஹாவுல என் பேரு பேச்சிலர். பொண்டாட்டி புள்ளையை ஊர்ல விட்டுட்டு வந்து கேம்ப்ல கெடக்குற ஆம்பளை எல்லாத்துக்கும் இங்க அதுதான் பேரு. பேரன் எடுத்த அறுபது வயசு ஆளு கூட பேச்சிலர்தான். அடப் போங்கப்பா!

கூப்புட்டுட்டுப் போகட்டும், பேருல என்ன இருக்கு. ஆனா பேச்சிலரை வெள்ளிக்கிழமை மாலுக்குள்ள விடமாட்டான், அதுதான் வயித்தெரிச்சல். எங்களுக்கு வாரத்துல லீவே அந்த ஒரு நாள்தான். அன்னைக்குப் பார்த்து வாசல்ல ஒரு போர்டு: குடும்பத்துக்கு மட்டும். இது எந்தச் சட்டத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. போர்டுக்குப் பக்கத்துல ஒரு செக்யூரிட்டி நிப்பான். அவன் கையை நீட்டுனா அதுதான் சட்டம்.

இதுல ஒரு கூத்து இருக்கு. வெள்ளைக்காரன் ஒருத்தன் அரை டவுசரோட தன்னந்தனியா வருவான். அவனுக்கு குட் ஈவ்னிங் சொல்லிக் கதவைத் தொறந்து விடுவாங்க. உன் சம்சாரம் எங்கடான்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். நான் இஸ்திரி போட்ட சட்டை, ஷூவு, அத்தர் எல்லாம் போட்டுட்டுத்தான் போவேன். இருந்தாலும் மூஞ்சியப் பாத்ததும் கண்டுபுடிச்சுருவாங்க.

நான் ஏ.சி. டக்ட் மாட்டுற வேலை. தகரத்துல பெரிய பெரிய குழாய் செஞ்சு கூரையை ஒட்டி மாட்டணும், அதுலதான் குளிர் காத்து ஓடும். அந்த மாலுக்கு டக்ட் மாட்டுனதே எங்க செட்டுதான். பதினாலு மாசம் அந்தக் கூரைக்குக் கீழே சாரத்து மேல நின்னேன். எந்த வளைவுல எத்தனை போல்டுன்னு இன்னைக்கும் சொல்லுவேன். தொறந்த பொறவு ஒரு நாள் கூட உள்ளே போனதில்ல. ஏழு வருஷம்.

முயற்சி பண்ணாம இல்ல. வாசல்ல நிக்கிற பசங்க ஒரு வழி வச்சிருக்காங்க. ஏதாவது குடும்பம் வந்தா மெதுவாப் பக்கத்துல போயி, எங்களையும் உங்களோட வந்த ஆளுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கணும். மலையாளிங்க, பாகிஸ்தானிங்க சில பேரு சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போயிருவாங்க. நானும் ஒரு தடவை கேட்டேன். புருஷன், பொண்டாட்டி, ஒரு பொண்ணு, மூணு பேரும் காரை விட்டு இறங்கி நல்ல தமிழ்ல சண்டை போட்டுக்கிட்டே வந்தாங்க. வாசு, வாசுன்னு அந்தம்மா அவரைக் கூப்புட்டாங்க. நம்ம ஊருக்காரங்கன்னு ஆசையாப் போயி, "சார், உங்களோட சேர்ந்து வர்றேனே"ன்னு தமிழ்லதான் கேட்டேன். அவரு ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாரு. "ஸாரி, ஐ டோன்ட் நோ யூ"ன்னாரு. அந்தம்மா பொண்ணை இழுத்து அந்தப் பக்கம் விட்டுக்கிட்டாங்க. அந்நியன் விரட்டுனா வலிக்காது, நம்மாளு விரட்டுனா நெஞ்சுலயே நிக்கும். அன்னைக்கோட கேக்குறதை விட்டேன்.

இப்ப நான் செஞ்ச முட்டாள்தனத்துக்கு வர்றேன்.

வெள்ளிக்கிழமை ஆனா ரம்ஸியா போன் போடுவா. என் சம்சாரம். அதிராம்பட்டினத்துல எங்க வீட்டுல புள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒத்தையா இருக்கா. "இன்னைக்கு லீவுல்ல மச்சான், எங்க போனீங்க?"ம்பா. எங்கயும் போகல, வாசல்ல நிக்கிறேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. புருஷன் கத்தார்ல இருக்கான்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறவ. ஒரு நாள், "மாலுக்குள்ள இருக்கேன்"னுட்டேன். உள்ள என்ன இருக்குன்னு கேட்டா. கூரையைப் பத்தியா சொல்ல முடியும்? நாங்க வேலை செஞ்சப்ப நடுவுல வட்டமா ஒரு பெரிய பள்ளம் வெட்டிக் குழாய் போட்டிருந்தாங்க. ஃபவுண்டன் வருதுன்னு ஃபோர்மேன் சொல்லியிருந்தான். அதை அப்படியே அவுத்து விட்டேன். "நடுவுல ஒரு ஃபவுண்டன் புள்ள, ரெண்டு ஆள் உசரத்துக்குத் தண்ணி ஏறும். சுத்தி பெஞ்சு போட்டிருக்கான். வாராவாரம் அங்கதான் உக்காந்து சாயா குடிப்பேன்."

நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. புள்ளைங்க விடல. தண்ணிக்குக் கலர் லைட்டு உண்டா வாப்பான்னு கேட்டுச்சுங்க. உண்டுன்னேன். மீன் இருக்கான்னு கேட்டுச்சுங்க. அதையும் விட்டேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க லீவுல போறப்பெல்லாம் அந்த ஃபவுண்டன் இன்னும் ஒரு முழம் வளந்துச்சு.

போன மாசம் ரம்ஸியா, புள்ளைங்களை அவ உம்மா வீட்டுல விட்டுட்டு, தோஹாவுக்கு வந்தா. எங்க ஊருக்காரரு கலீல் ரஹ்மான் காக்கா, எனக்கு அண்ணன் மாதிரி, இங்க நஜ்மா ஏரியாவுல மளிகைக்கடை வச்சிருக்காரு. அவர் வீட்டுல எல்லாரும் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாங்க. "பதினஞ்சு நாளைக்கு வீடு சும்மாதான் கெடக்கும் அஸ்கர் அலி, விசிட் விசாவுல வூட்டுக்காரியைக் கூட்டிட்டு வா"ன்னாரு. நல்ல மனுஷன். எனக்குச் சந்தோஷம் தாங்கல, அடுத்த நிமிஷமே ஞாபகம் வந்துச்சு. மால்! வந்தவ முதல்ல அதைத்தான் கேப்பா. எதை வேணும்னாலும் அவ பாக்கட்டும், கேம்பைப் பாக்கட்டும், நான் படுக்குற கட்டிலைப் பாக்கட்டும். ஏழு வருஷம் வாசல்ல நிறுத்தி வச்சிருந்தாங்கன்னு மட்டும் தெரியக் கூடாது. யா அல்லாஹ், அது ஒண்ணை மட்டும் மறைச்சுக் குடுன்னு துஆ கேட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்து பாத்தா, புதுச் சேலை கட்டி, முக்காடு போட்டு, கையில பையோட தயாரா நிக்கிறா. "புள்ளைங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பணும் மச்சான்"ங்கிறா. பஸ்ல உக்காந்தும் எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

வாசல்ல தாபா நின்னான். நேபாளி, நாலு வருஷமா என்னைக் கை நீட்டித் தடுக்குற செக்யூரிட்டி. என்னையும் ரம்ஸியாவையும் மாத்தி மாத்திப் பாத்தான். மூஞ்சி அப்படியே மலந்துருச்சு. "அரே அஸ்கர் பாய்! ஆஜ் ஃபேமிலி! யல்லா, யல்லா!"ன்னு, இன்னைக்குக் குடும்பம் வந்திருக்கு, வா வான்னு கதவை அவனே இழுத்துப் புடிச்சான். அவன் பொண்டாட்டியே வந்த மாதிரி அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"யாரு மச்சான் அது?"

"தெரிஞ்ச ஆளு. வாராவாரம் பாக்குறவன்ல."

இது பொய்யில்லதானே.

உள்ள காலை வச்சேன். தரையெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. நான் பாத்தப்ப வெறும் சிமிட்டி. எந்தப் பக்கம் திரும்புறதுன்னே புரியல. மேலே பாத்து நடந்தேன், என் டக்ட் போற வழியைப் புடிச்சுப் போனா நடுப்பகுதிக்குப் போயிரலாம்னு கணக்கு. மேல பாத்துக்கிட்டே போயி ஒரு அரபியம்மா மேல மோதப் பாத்தேன். ரம்ஸியா என் சட்டையைப் புடிச்சு இழுத்தா. "கீழ பாத்து வாங்க, என்ன இது புதுசா வந்தவன் மாதிரி!"

நடுப்பகுதிக்கு வந்துட்டோம். அங்க ஒரு சென்ட்டுக் கடை.

மறுபடி கூரையைப் பாத்தேன். இடம் அதேதான், தப்பே இல்ல. அந்தப் பள்ளத்தை எப்பவோ மூடிட்டானுங்க. "இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்"னேன். அங்க போனோம், செருப்புக்கடை. "மேல் மாடியா இருக்குமோ"ன்னேன். மேல போனோம், அங்கேயும் கடைதான். மூணாவது சுத்துல அவளே ஒரு ஆளை நிறுத்துனா. துடைப்பத்தோட வந்த க்ளீனர். சட்டையில பொன்னுச்சாமின்னு பேரு குத்தியிருந்துச்சு.

"அண்ணே, தமிழா? இங்க ஃபவுண்டன் எங்கண்ணே இருக்கு? பெஞ்சு எல்லாம் போட்டிருக்குமாமே?"

"ஃபவுண்டனா? இந்த மால்லயா? இல்லையேம்மா. தொறந்த நாள்லேர்ந்து நான் இங்கதானே கூட்டுறேன். அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது." அதோட விட்டானா? என்னைப் பாத்துட்டான். "அட, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாசல்ல நிப்பீங்களே, அந்த பாய்தானே நீங்க! கண்ணாடி வழியா வாராவாரம் பாப்பேன். இன்னைக்கு உள்ள விட்டுட்டானா? அம்மா வந்த ராசிதான்!"

பாவி, அவனும் சந்தோஷத்துலதான் சொன்னான். அன்னைக்கு எல்லாருக்கும் என் மேல அவ்வளவு பாசம்!

ரம்ஸியா அங்க இருந்த ஒரு நாற்காலியில உக்காந்தா. நான் நின்னேன். திட்டுவான்னு பாத்தேன். அவ திட்டுனா தெருவே கேக்கும், அது எனக்குப் பழக்கம்தான். திட்டல.

"எத்தனை வருஷமா?"

"தொறந்ததுலேர்ந்து."

"ஏன் விடல?"

"குடும்பம் கூட இருந்தாத்தான் விடுவான்."

"குடும்பம் இல்லாதவரா நீங்க?"

அவ மூக்கு நுனி செவந்துச்சு. சட்டுன்னு எந்திரிச்சா. "வாங்க, போவோம். எம் புருஷனை வெளிய நிறுத்துன எடத்துல எனக்கு என்ன வேலை? ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன் இங்க." விறுவிறுன்னு நடந்தா.

எனக்கும் ரோஷம் இருக்கு. அவளோட போயிருக்கணும். ஆனா போக மனசு வரல, உண்மையைச் சொல்றேன். ஓடிப் போயி அவ கையைப் புடிச்சேன். நாலு பேர் பாக்க நான் அவ கையைப் புடிச்சதே அதுதான் முதல் தடவை.

"இன்னும் ஒரு மணி நேரம் இருப்போம் ரம்ஸியா. நீ ஊருக்குப் போயிட்டா என்னால இங்க வர முடியாது."

நின்னா. என்னை ஏற இறங்கப் பாத்தா. கோவம் எங்க போச்சுன்னே தெரியல, கண்ணுல தண்ணி நின்னுச்சு. முந்தானையால தொடச்சுக்கிட்டு, "சரி, எங்க ஆரம்பிக்கிறது?"ன்னா. ஒரு கடை விடாமப் பாத்தோம். மூணு மாடியும் ஏறி இறங்குனோம். உங்க டக்ட் எதுன்னு கேட்டா, ஒவ்வொரு வளைவாக் காட்டுனேன். பெரிய கோட்டையைக் கட்டுனவன் மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்தா. கடைசியில சாயா வாங்குனோம். எங்க ரெண்டு பேருக்கு ஒரு மேசை போட்டுக் குடுத்தாங்க. கதவு மூடுற வரைக்கும் இருந்தோம்.

பதினஞ்சு நாள் எப்படிப் போச்சுன்னு தெரியல. ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்து கேம்ப்ல படுத்தேன். எட்டுக் கட்டில் ரூம், மத்த ஏழு பேரும் சுவத்தைப் பாத்துக்கிட்டு அவனவன் போன்ல பேசிக்கிட்டு இருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஜும்ஆ தொழுகை முடிஞ்சு, சோறு தின்னு, புரண்டு புரண்டு படுத்துப் பாத்தேன். கடைசியில சட்டையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். தாபா என் பின்னாடி எட்டிப் பாத்தான்.

"மேடம்?"

"ஊருக்குப் போயாச்சு."

அவன் சங்கடமா நெளிஞ்சான். கையை நீட்டல. கதவுக்கு முன்னாடி வந்து சும்மா நின்னுக்கிட்டான். சரி, அவன் சோத்துல நான் ஏன் மண்ணைப் போடணும். என் பழைய எடத்துல போய் நின்னேன். போன் அடிச்சுச்சு, ரம்ஸியா.

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"மால்ல."

"உள்ளேயா, வெளியேயா?"

வாய் பழக்கத்துல உள்ளேன்னுதான் வந்துச்சு. முழுங்கிக்கிட்டேன். "வெளியே"ன்னேன்.

"உள்ள விடமாட்டாங்கன்னு தெரியும்ல. தெரிஞ்சும் எதுக்கு அங்க போய் நிக்கிறீங்க? உங்களுக்கு வெக்கமா இல்லையா? எனக்கு இங்க நெஞ்சு பத்துது. ரூமுக்குப் போய்ப் படுங்க."

"ரூம்ல எல்லாம் ஆம்பளைங்க புள்ள. வாரம் பூரா சைட்டுலயும் அப்படித்தான். ஒரு சின்னப் புள்ளை அழுற சத்தம் கூடக் காதுல விழாது. இங்க நின்னா குடும்பங்க வந்து போகும், புள்ளைங்க கத்திக்கிட்டு ஓடும். அதைக் கேக்கத்தான் வர்றேன். உள்ள போகணும்னு இல்ல."

இதை நான் அவகிட்ட மட்டுமில்ல, எனக்கே இதுக்கு முன்னாடி சொல்லிக்கிட்டதில்ல. அவ, "சின்னவனைக் கூப்புடவா? பேசச் சொல்லவா?"ன்னா. கூப்புடுன்னேன். அவ அவனைத் தேடிக்கிட்டு வீட்டுக்குள்ள போற சத்தம் கேட்டுச்சு.

அதுக்குள்ள ஒரு பெரிய கார் வந்து நின்னுச்சு. நாலஞ்சு புள்ளைங்க திமுதிமுன்னு இறங்குச்சுங்க. தாபா என்னைப் பாத்து, பாய், கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு கை காட்டுனான். போனைக் காதுல வச்சுக்கிட்டே ரெண்டு அடி தள்ளி நின்னேன்.